ஒற்றைக் கோட்டுத் திருத்தம்

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. லேபில் எல்லாக் கருவிகளையும் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து மேஜையில் பரப்பினோம். சவுண்ட் மீட்டர், அளவீட்டு மைக் இரண்டு, கேலிபரேட்டர், கேபிள் சுருள்கள். முதலாளி பெஞ்சமின் சார் வருஷா வருஷம் தானே கடைவீதிக்குப் போய்ப் பொரியும் வாழைக்கன்றும் வாங்கி வருவார். ஞாயிறானால் சர்ச், பூஜையானால் பொரி. அவருக்கு இரண்டும் இடிக்காது.

சந்தனக் கிண்ணத்தோடு மைக் பக்கம் விரலை நீட்டினார். நான் கத்திய கத்தில் பொரி சிதறியது. "சார், அது மைக்! அதோட முகத் தகடு வெங்காயச் சருகைவிட மெல்லிசு!" கடைசியில் பெட்டி மூடிகளின் மேல் பொட்டு வைத்துவிட்டு, "உனக்கு சாமியே மைக்தான்யா குணாளா" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தமயந்தியின் சொந்தக்காரர்களுக்குப் பன்னிரண்டு வருஷமாகியும் என் வேலை பிடிபடவில்லை. 'மைக்செட் மாப்பிள்ளை' என்கிறார்கள். நான் சத்தம் போடுகிறவன் இல்லை, சத்தத்தை அளக்கிறவன். காது டாக்டர்களிடம் இருக்கும் ஆடியோமீட்டர், அதாவது ஹெட்போனில் பீப் விட்டுக் காதைச் சோதிக்கும் கருவி, சொன்ன அளவு சத்தத்தைத்தான் விடுகிறதா என்று மைக் வைத்துப் பார்த்து, சரியில்லாவிட்டால் திருத்திச் சான்றிதழ் கொடுப்பது என் வேலை.

அக்டோபர் 12, சனி

பூஜை கலைத்து, மைக்குகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். பெட்டிகள் இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே அளவு, பொட்டுகூட ஒரே இடத்தில். மைக்குகளும் அப்படியே, இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்கு உணர்திறன் அதிகம், மற்றதற்கு அதில் கால்வாசிதான். எது எது என்று பெட்டிக்குள் இருக்கும் கார்டு சொல்லும்.

கேலிபரேட்டரை வருடாந்திரச் சோதனைக்காகப் பெங்களூருக்குக் கூரியரில் அனுப்பினோம். கைப்பிடிக்குள் அடங்கும் உருளை அது. அழுத்தினால் துல்லியமாக 94 டெசிபல் ஒலிக்கும். தினமும் வேலைக்கு முன்னும் பின்னும் மைக்கை அதற்குள் நுழைத்துப் பார்ப்பேன். காலை 94.0, மாலை 94.0. அது வரும்வரை, மூன்று வாரம், கார்டில் உள்ள உணர்திறன் எண்ணை மீட்டரில் கையால் தட்டி ஓட்ட வேண்டும். பல் தேய்க்காமல் வெளியே கிளம்புவது போல இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

ஆத்தூரில் ஒரு மருத்துவமனை. மைக்கின் உடம்பில் எறும்புக்கால் எழுத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். அதைக் கார்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. ஒப்பிடப் போனேன், அந்த அறையில் வெளிச்சம் போதவில்லை. பதிவேட்டில் டிக் போட்டுவிட்டேன். பெட்டியைத் திறந்தவனும் நான், மூடியவனும் நான். யார் வீட்டு மைக் வந்து உட்காரப் போகிறது?

கருவி பன்னிரண்டு டெசிபல் குறைவாக ஒலித்தது. ஏற்றிவிட்டு வந்தேன்.

தமயந்தி கண்ணாடிக் கடை விளம்பரத்தைச் செய்தித்தாளிலிருந்து கிழித்து என் சட்டைப் பையில் வைத்திருக்கிறாள். குத்தல்தான். கண்டுகொள்ளவில்லை.

அக்டோபர் 16, புதன்

அமிழ்தினியின் டைரியில் ஸ்டெல்லா மிஸ் எழுதியனுப்பியிருக்கிறார்: 'சொல்வதை எழுதுதலில் பத்துக்கு இரண்டு. கவனம் இல்லை. பெற்றோர் வரவும்.' மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன கவனச் சிதறல்? கேட்டால், "மிஸ் நடந்துக்கிட்டே சொல்றாங்கப்பா" என்கிறாள். நடந்துகொண்டு சொன்னால் எழுத வராதா? ரொம்பவும் செல்லம். எல்லாம் அவள் அம்மா கொடுக்கிற இடம்.

அக்டோபர் 17, வியாழன்

ஓமலூரில் ஒன்று, அஸ்தம்பட்டி காது கிளினிக்கில் ஒன்று. இரண்டுமே பன்னிரண்டு டெசிபல் குறைவு. ஆத்தூர், ஓமலூர் கருவிகள் ஒரே கம்பெனி, ஒரே வியாதி என்று நினைத்தேன். அஸ்தம்பட்டியில் இருப்பது வேறு கம்பெனி. மழைக்கால ஈரம் எல்லாரையும்தான் பிடிக்கும்.

கிளினிக்கில் காதுச் சோதனை செய்கிற ரஹ்மத் மேடம், நான் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "போன வருஷம் தொடவே இல்லையே சார்? இந்த வருஷம் இவ்வளவா?"

"ஈரம் மேடம். ஹெட்போன் பழசாச்சு."

"நேத்துக்கூட எங்க டாக்டர் காதை இதுல பார்த்தோம், சரியாத்தான் இருந்துச்சு."

டாக்டர் காதும் என் மைக்கும் ஒன்றா? சொல்லவில்லை, மனத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

பள்ளிக்குப் போனேன். ஸ்டெல்லா மிஸ் நல்ல மாதிரிதான். "பேர் சொல்லிக் கூப்பிட்டா சில நேரம் திரும்பறதே இல்ல சார். எதுக்கும் ஒரு தடவை காது பார்த்துருங்க" என்றார். காது பார்க்கிற கருவிகளுக்கே காது பார்க்கிறவனிடம் சொல்கிறார். சிரித்துக்கொண்டே சரி என்றேன். வண்டியை எடுக்கும்போது சாவி கையிலிருந்து இரண்டு தடவை விழுந்தது.

அக்டோபர் 19, சனி

அமிழ்தினியை அஸ்தம்பட்டிக்கே கூட்டிப்போனேன். முந்தாநாள் என் கையால் சரிபார்த்த கருவி. அதைவிட நம்பகமானது இந்தச் சேலத்தில் எது?

கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பட்டனைப் பிடித்தபடி, பரீட்சை எழுதுகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு சின்னச் சத்தம் வரை கேட்கிறது என்பதுதான் கணக்கு, எண் குறையக் குறைய நல்லது, இருபத்தைந்துக்குள் இருந்தால் நார்மல். வலது 20, இடது 25.

"பார்டர்ல நிக்குது சார்" என்றார் ரஹ்மத் மேடம். "டாக்டர் லீவு. வந்ததும் ஒரு தடவை உள்ள பார்க்கச் சொல்றேன், கூட்டிட்டு வாங்க."

"நார்மலா இல்லையா மேடம்?"

"நார்மல்தான்..."

அந்த இழுப்பைப் பற்றி எனக்கென்ன? எண் எண்தான்.

வெளியே வந்ததும் அமிழ்தினி கேட்டாள். "பாஸாப்பா?" பாஸ் என்றேன். ஐஸ்க்ரீம் வாங்கித் தந்தேன். ராத்திரி தமயந்தியிடம், "காதெல்லாம் ஜோரா இருக்கு. உன் பொண்ணுக்குத் திமிரு, அவ்வளவுதான்" என்றேன். எனக்குப் பெரிய பாரம் இறங்கியிருந்தது. அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பள்ளி முகாம்களுக்குக் கொண்டுபோகிற கையடக்கக் கருவி ஒன்று. அதற்கும் பன்னிரண்டு. இதோடு நான்கு. பெஞ்சமின் சாரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். 'அப்ப உன் மைக்கைப் பாரு' என்பார். மைக்கைப் பார்க்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 24, வியாழன்

அந்தக் கருவியை வைத்து அம்மாபேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் 214 பிள்ளைகளைச் சோதித்தார்களாம். இரண்டே பேருக்குத்தான் குறை. வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு பேராவது அகப்படுவார்கள். தலைமையாசிரியருக்கு ஏக சந்தோஷமாம். நல்லதுதானே.

அக்டோபர் 26, சனி

ஷேவ் செய்துகொண்டிருந்தேன், கையில் நுரை. பின்னால் ஹாலில் அமிழ்தினி வரைந்துகொண்டிருந்தாள். துண்டு எடுத்து வா என்று மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. நாலாவது தடவை கத்தினேன், அப்போதும் பென்சில்தான் ஓடியது. காது நார்மல் என்று எழுதிக் கொடுத்த பிறகு இது என்ன? போய் லேசாகத் தட்டினேன். 'எதுக்குப்பா?' என்று கேட்கிறாள்! எதற்கென்றே தெரியாதாம்.

தமயந்தி அவளை மடியில் போட்டு இரண்டு கன்னத்திலும் தேங்காய் எண்ணெய் தடவினாள். ஒரு தட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

அக்டோபர் 28, திங்கள்

இரண்டு நாளாகத் தமயந்தி என்னோடு பேசவில்லை. சாப்பாடு மேஜைக்கு வருகிறது, பேச்சு வரவில்லை. அமிழ்தினி பேசுகிறாள். நான் வாயைத் திறந்தால் உடனே நிமிர்ந்து என் உதட்டையே பார்க்கிறாள். பயம் போலிருக்கிறது. கொஞ்சம் பயம் இருப்பது நல்லது என்று எழுத நினைத்தேன், எழுத முடியவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பக்கத்து வீட்டில் அணுகுண்டு போட்டபோது அமிழ்தினி காதைப் பொத்திக்கொண்டாள். காது கேட்கிறது என்பதற்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

நவம்பர் 5, செவ்வாய்

கேலிபரேட்டர் வந்தது. பிரித்ததும் மைக்கை நுழைத்து அழுத்தினேன்.

82.0.

பேட்டரி மாற்றினேன். 82.0. ரப்பர் வளையத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். 82.0. கூரியர்காரன் தூக்கிப் போட்டிருக்கிறான். வேறென்ன?

நவம்பர் 6, புதன்

பெங்களூருக்குப் போன் செய்தேன். "கிளம்பறப்ப தொண்ணூத்திநாலு சார், சர்ட்டிஃபிகேட் பாருங்க" என்கிறார்கள். பார்த்தேன். 94.00, சீல், கையெழுத்து. நானும் இப்படித்தான் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

பதிவேட்டில் இன்றைய கட்டத்தைக் காலியாக விட்டேன். கேலிபரேட்டர் கையில் இருந்தும் காலியாக விட்டது பதினான்கு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. தொண்ணூற்று நான்கிலிருந்து எண்பத்திரண்டு போனால் எவ்வளவு என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. கழித்துப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

லேப் கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பெட்டிகளையும் திறந்து, மைக்கை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, தூரமாகவும் கிட்டவும் வைத்துப் பார்த்தேன். எறும்பு ஊர்வதுதான் தெரிந்தது. அமிழ்தினி எதிரே வந்து நின்றாள்.

"என்னப்பா தேடறீங்க?"

"இதுல ஒரு நம்பர் இருக்கு கண்ணு."

கீழே போட்டுவிடுவாளோ என்ற பயத்தோடுதான் கொடுத்தேன். இரண்டு கையாலும் முட்டையை வாங்குவது போல வாங்கினாள். ஒரே பார்வை.

"மூணு ஒண்ணு ஏழு ஒம்போது."

கார்டில் 4408.

"அடுத்தது?"

"நாலு நாலு சைபர் எட்டு. அப்பா, இது அந்தப் பெட்டியோடது. மாத்தி வெச்சிருக்கீங்க." சிரித்தாள். நான் அடித்த பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பூஜை கலைத்த அன்று மாற்றி வைத்திருக்கிறேன். மந்தமான மைக்குக்குக் கூர்மையான மைக்கின் உணர்திறன் எண்ணைக் கொடுத்து மூன்று வாரம் ஓட்டியிருக்கிறேன். மைக் பன்னிரண்டு டெசிபல் குறைத்துச் சொன்னது. நல்ல கருவிகளையெல்லாம் பன்னிரண்டு ஏற்றினேன். மொத்தம் ஏழு கருவிகள். அதில் சோதித்த யாருக்கும் உண்மையைவிடப் பன்னிரண்டு நல்லதாகத்தான் காட்டும்.

இருபதும் பன்னிரண்டும் முப்பத்திரண்டு. இருபத்தைந்தும் பன்னிரண்டும் முப்பத்தேழு. எழுதிவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

இன்று எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

லேபில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மைக்குகளை அவரவர் பெட்டிக்கு மாற்றினேன். கேலிபரேட்டரில் வைத்தேன். 94.0.

இத்தோடு விட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் நானே ஏழு கருவிகளையும் இறக்கிவிடலாம், ஈரம் போய்விட்டது என்று சொல்லலாம். அமிழ்தினியை மட்டும் வேறு ஊரில் காட்டலாம். இதெல்லாம் என் புத்தியில் தானாக ஓடுகிறது, நான் ஓட்டவில்லை. நான்தான் ஓட்டுகிறேன். பயமாக இருக்கிறது. வேலை போகும். அதைவிட, தமயந்தி முகத்தை எப்படிப் பார்ப்பது?

நவம்பர் 13, புதன்

ஸ்டெல்லா மிஸ் போன் செய்தார். வரும் திங்களிலிருந்து அமிழ்தினியைத் தினம் இரண்டு பாடவேளை இரண்டாம் வகுப்பில் உட்காரவைக்கப் போகிறார்களாம். "காது நார்மல்னு ரிப்போர்ட் குடுத்துட்டீங்க சார். அப்ப படிப்புதான் பின்தங்குதுன்னு எச்.எம். சொல்றாங்க."

நான் கொடுத்த தாள். அந்தத் தாளை வைத்துத்தான் என் பிள்ளையை ஒரு வகுப்பு இறக்குகிறார்கள். அம்மாபேட்டையில் இன்னும் எத்தனை பேரை?

சமையலறையில் நின்றபடியே தமயந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, அப்ப அவளுக்கு நெஜமாவே கேக்கலையா?"

"கொஞ்சம்."

"அன்னிக்கு நீங்க கூப்பிட்டது?"

முந்தானையால் மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "நாளைக்குக் காலைல முதல் வேலையா உங்க சார்கிட்ட சொல்லணும். இல்லன்னா நான் வந்து சொல்லுவேன்" என்றாள்.

நவம்பர் 14, வியாழன்

சொன்னேன். பெஞ்சமின் சார் பதிவேட்டை வரவழைத்து அக்டோபர் பக்கங்களைப் புரட்டினார்.

"எண்ணை ஒப்பிட்டதா எல்லா நாளும் டிக் போட்டிருக்கியே?"

"பார்க்காமப் போட்டது சார்."

"ஏன்யா?"

"கண்ணு தெரியல சார்." இந்த மூன்று வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, "ஏழு இடத்துக்கும் லெட்டர் நான் எழுதறேன். நீ நேர்ல போய்த் திருத்து. சோதிச்ச ஒவ்வொருத்தரையும் திரும்பக் கூப்பிடச் சொல்லு. அதுக்கப்புறம் உன் வேலையைப் பத்திப் பேசுவோம்" என்றார். பேனாவை என் பக்கம் தள்ளினார். "முதல்ல இதைத் திருத்து. அழிக்காத."

எங்கள் தொழிலில் தவறான எண்ணை அழிக்கக் கூடாது, மேலெழுதக் கூடாது, வெள்ளை மை கூடவே கூடாது. பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். இன்று மட்டும் நாற்பத்தொரு கோடு இழுத்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

அஸ்தம்பட்டிக் கருவியை இறக்கினேன். ரஹ்மத் மேடம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "நாலு வாரமா நான் எத்தனை பேரை நார்மல்னு அனுப்பிச்சிருக்கேன், தெரியுமா சார்? அவங்க என்னை நம்பிப் போனாங்க. நான் உங்களை நம்பினேன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். "மன்னிப்பு இருக்கட்டும். நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

வழியில் கண்ணாடிக்கு அளவு கொடுத்தேன்.

நவம்பர் 16, சனி

அதே அறை, அதே ஹெட்போன். இந்தத் தடவை பட்டன் மேல் இருந்த கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ரஹ்மத் மேடம் ஒலி அனுப்புகிற விளக்கு எரிகிறது, விரல் அசையவில்லை. எரிகிறது, அசையவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு முழு மனத்தோடு காத்திருந்தாள். இதைவிடக் கவனமாக ஒரு பிள்ளை இருக்க முடியாது.

வலது 35, இடது 40.

டாக்டர் உள்ளே பார்த்தார். சளியால் நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம் என்கிறார். செவ்வாய்க்கிழமை இன்னொரு சோதனை. நீர் என்றால் வடித்துவிடலாம், நரம்பு என்றால் காதில் மெஷின். முதல் தடவையே சரியான எண் வந்திருந்தால் நாலு வாரத்துக்கு முன்னால் தெரிந்திருக்கும்.

வெளியே வந்து கேட்டாள். "பெயிலாப்பா?"

அவளுக்கு என் உதடு தெரியும்படி குனிந்து உட்கார்ந்தேன். "நீ இல்ல கண்ணு. அப்பா."

நவம்பர் 17, ஞாயிறு

ஸ்டெல்லா மிஸ்ஸிடம் பேசிவிட்டேன். இரண்டாம் வகுப்பு இல்லை, முதல் பெஞ்ச். அம்மாபேட்டைப் பள்ளியில் 214 பேருக்கும் புதன்கிழமை மறுபடி சோதனை. கருவியைத் திருத்திக்கொண்டு நானே போகிறேன்.

கண்ணாடி வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தேன். பதிவேட்டுக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா? அக்டோபர் 14-இல் 'வெளிச்சம் போதவில்லை' என்பதன் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் 'கண் போதவில்லை'. 17-இல் 'ஈரம்' மேல் கோடு. 19-இல் 'திமிரு' மேல் கோடு, பக்கத்தில் எழுத வார்த்தை கிடைக்காமல் கையெழுத்து மட்டும் போட்டேன்.

26-ஆம் தேதிக்கு வந்தேன். 'லேசாகத் தட்டினேன்' மேல் கோடு. பக்கத்தில்: 'ஓங்கி ஓர் அறை அறைந்தேன்.' கோடு நேராக வரவில்லை.

எங்கள் சான்றிதழில் 'அளந்தவர்' என்று ஒரு கையெழுத்தும் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கையெழுத்தும் இருக்கும். அளந்தவனே சரிபார்க்கக் கூடாது. அமிழ்தினியைக் கூப்பிடவில்லை, எழுந்து போய்த் தோளைத் தொட்டு அழைத்துவந்தேன். அந்தப் பக்கத்தைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இதுவும் தப்பா இருக்கு."

"எது கண்ணு?"

மைக்கில் இருந்த எண்ணைப் படித்துச் சொன்ன அதே குரலில் சொன்னாள். "ஒண்ணு இல்லப்பா. ரெண்டு."

'ஓர் அறை' மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன். பக்கத்தில் 'இரண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் என் பேனாவை வாங்கி, கீழே தன் பெயரை முழுதாக எழுதினாள்.